கேரங் வாய் திறந்தால் வெந்துவிட்டதாகுமா?

மீன்காரரின் மோட்டார் சைக்கிள் லயத்துப் பக்கம் வந்து நின்றதும், கேரங் இருக்கிறதா என்று கேட்போர் பலர். புரதச் சத்தும் இரும்புச் சத்தும் நிறைந்த உணவு அது. அதனை உண்ணலாகாது எனக் கூறுவது நமது நோக்கமன்று. வேகவைக்கும் முறையில்தான் பலரும் தவறிவிடுகின்றனர்.

பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் கடலோரச் சேற்றுப் பரப்பில் கேரங் பயிரைப் போல வளர்க்கப்படுகிறது. பேராக்கில் இத்தொழில் 1948-ஆம் ஆண்டில் தொடங்கியது. குஞ்சுகளைச் சேற்றில் தூவுவதோடு சரி; தீனி போடுவாரில்லை. கேரங் கடல் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணிய பாசிகளை வடித்துத் தின்று, நீரை வெளியே விடுகிறது. பாலை வடிகட்டும்போது பட்டைத் துணுக்கும் தூசும் வடிதட்டில் தங்குவதை நாம் அறிவோம். அதுபோலவே ஆற்று வழியே கடலில் கலக்கும் கழிவின் கிருமிகளும், கடலிலேயே வாழும் கிருமிகளும் கேரங்கின் உடலுக்குள் தங்கிவிடுகின்றன. ஓட்டின் சேற்றை எத்தனை முறை கழுவினாலும் உள்ளே இருப்பவை போவதில்லை.

கடலில் வாழும் கிருமிகளுள் முக்கியமானவை 'விப்ரியோ' இனத்தைச் சேர்ந்தவை. வாந்திபேதிக் கிருமியும் இவ்வினத்ததே. 1950-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒசாகா வட்டாரத்தில், அரைகுறையாக உலர்த்திய சிறு மீன்களை உண்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் மாண்டனர். அப்போது புஜினோ என்னும் அறிஞர் கண்டறிந்த விப்ரியோதான் இன்றும் கடலுணவால் வரும் வயிற்றுப்போக்குக்குப் பெருங்காரணமாக உள்ளது. தனக்கேற்ற வெப்பத்தில் அது சுமார் 10 நிமிடத்தில் இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று, ஒரு மணி நேரத்தில் 64 ஆகும். நிழலில் சற்று மெதுவாகப் பெருகினாலும், காலையில் வாங்கிய கேரங்கை மாலைவரை சமையற்கட்டு மூலையில் வைத்தால் என்னவாகும்? வாங்கியவுடன் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். தட்டினால் மூடாமல் வாய் பிளந்தே கிடப்பது செத்த கேரங்; அதனை எறிந்துவிடுக.

இனி வேகவைப்பதைக் காண்போம். கொதிநீரை ஊற்றியதும் ஓடு திறக்கும். சதை செந்நிறமாக, இரத்தம் சொட்ட இருக்கும். அதுவே சுவையென்பார் உண்டு. 1988-ஆம் ஆண்டில் சீனாவின் ஷங்ஹாய் நகரில் இவ்வாறு வெந்நீரில் நனைத்துச் சிப்பியுண்டவர்களிடையே மஞ்சட்காமாலை பரவி, ஏறத்தாழ 3 இலட்சம் பேரைப் பீடித்தது. அந்நோய்க் கிருமி விப்ரியோவைவிட வெப்பம் தாங்கக்கூடியது. ஆகவே ஓடு திறந்த பின்னரும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்க வேண்டும். திறவாதவற்றை உண்ணலாகாது. எலுமிச்சைச் சாறோ மிளகாய்ச் சம்பலோ கிருமியைக் கொல்லும் என நம்ப வேண்டா.

மது அருந்திக் கல்லீரல் கெட்டவர்களுக்கு இன்னுமோர் எச்சரிக்கை. விப்ரியோவில் ஒரு வகை அத்தகையோரின் இரத்தத்தில் கலந்து, ஓரிரு நாளிலேயே உயிரைப் பறிக்க வல்லது. சம்சுவுக்குத் துணையாக அரைவேக்காட்டுக் கேரங்கை உண்பவர் இதனைக் கருதுதல் நலம். உளிக் காயத்துடன் கேரங்கைக் கழுவுவதும் ஆகாது. காயத்தின் வழியாகவும் அக்கிருமி புகும்.

வயிற்றுப்போக்குக் கண்டால், கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்க. குழந்தைகள், முதியோர், காய்ச்சலோ இரத்தப் போக்கோ உள்ளவர் ஆகியோரைத் தாமதியாமல் மருந்தகத்திற்குக் கொண்டுசெல்க. கேரங் உண்ட செய்தியையும் நேரத்தையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுக.