கோடை வெயிலில் நெல் பதராவது ஏன்?

2022-ம் ஆண்டு மார்ச் மாதம் பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் கோதுமை பால் பிடிக்கும் சமயத்தில் கடும் வெப்பம் தாக்கியது. அம்மாதத்தின் பகல் வெப்பம், 1901 முதல் உள்ள இந்தியப் பதிவுகளில் அதுவரை காணாத அளவாக இருந்தது. மணிகள் சுருங்கி, எடை குறைந்தன. மே 13-ல் மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. பயிருக்கு வெயில் தேவை. அப்படியிருக்க, வெயில் மிகும்போது விளைச்சல் குறைவது ஏன்?

இலையில் நடப்பது என்ன?

இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியை வாங்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு, இலையின் நுண்துளைகள் வழியே உள்ளே செல்கிறது. அதைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையை ருபிஸ்கோ என்னும் என்சைம் தொடங்கி வைக்கிறது. இதுவே ஒளிச்சேர்க்கை. நெல் மணியில் சேரும் மாவு இந்தச் சர்க்கரையிலிருந்தே கிடைக்கிறது.

வெப்பம் அளவு மீறினால் மூன்று வகையில் கெடுதல் நேருகிறது. முதலாவது, ருபிஸ்கோவை இயங்க வைக்கும் துணை என்சைம் சூட்டில் செயலிழக்கிறது. இரண்டாவது, ருபிஸ்கோ கரியமில வாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவை அதிகம் பிடிக்கிறது. அதனால் சேர்த்த உணவில் ஒரு பகுதி வீணாகிறது. மூன்றாவது, வேருக்கு நீர் போதாவிட்டால் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. கரியமில வாயு உள்ளே வருவதும் தடைப்படுகிறது. இலையும் மேலும் சூடாகிறது.

சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை கரியமில வாயுவை ருபிஸ்கோவின் அருகே திரட்டித் தரும் அமைப்பைப் பெற்றவை. ஆகவே அவை வெப்பத்தை ஓரளவு தாங்கும். நெல், கோதுமை, நிலக்கடலை, பயறு வகைகளுக்கு இந்த வசதி இல்லை.

இரவு வெப்பமும் பகைதான்

பகலில் சேர்த்த உணவில் ஒரு பங்கைப் பயிர் இரவில் சுவாசத்திற்குச் செலவிடுகிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். மணிக்குப் போவது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணையின் பல ஆண்டு விளைச்சலை ஆராய்ந்து, 2004-ல் முடிவை வெளியிட்டது. கோடைப் போகத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடும்போது நெல் விளைச்சல் ஏறத்தாழ 10 சதம் குறைந்திருந்தது.

பூக்கும் பருவமே ஆபத்தான பருவம்

நெல்லில் பூ விரிவது பெரும்பாலும் காலை 9 மணி முதல் நண்பகல் வரை. அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, மகரந்தமும் முளைக்காது. அந்தப் பூக்கள் பதராகும். பிறகு எவ்வளவு உரமிட்டாலும் பதர் மணியாகாது.

செய்ய வேண்டியவை

1. விதைக்கும் முன் பூக்கும் நாளைக் கணக்கிட வேண்டும். ரகத்தின் வயதில் 30 நாளைக் கழித்தால் அது ஏறக்குறையத் தெரியும். 110 நாள் ரகத்தை ஜனவரி நடுவில் விதைத்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் பூக்கும். பிப்ரவரி 20-ல் விதைத்தால் மே 11-ஐ ஒட்டி, கத்திரி வெயிலில் பூக்கும். வடக்கே கோதுமையை நவம்பர் முதல் பாதியிலேயே விதைக்கச் சொல்வதும் இதற்காகவே.

2. விதைப்பு தாமதமானால் வயது குறைந்த ரகத்தையோ, கம்பு, சோளம் போன்ற பயிரையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

3. பூக்கும் பருவத்திலும் பால் பிடிக்கும் பருவத்திலும் வயலைக் காயவிடக் கூடாது. நீர் கிடைத்தால் இலை வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக் கொள்ளும். கிணற்று நீர் குறைவாக உள்ளவர்கள் மற்றப் பருவங்களில் சிக்கனம் செய்து, இந்த நாட்களுக்கென நீரை ஒதுக்க வேண்டும்.

4. கதிரை ஒட்டிய கண்ணாடி இலையே மணிக்கு அதிக உணவு தருவது. அதைப் பூச்சி, நோய் தாக்காமல் காக்க வேண்டும்.

5. மேட்டு நிலப் பயிர்களுக்கு வைக்கோல், சருகு கொண்டு மூடாக்கு இட்டால் மண் சூடேறாது, ஈரமும் நிற்கும்.

வெயிலைக் குறைப்பது எவராலும் ஆகாது. ஆனால் பூவும் கடும் வெயிலும் ஒரே நாளில் சந்திக்காதபடி விதைப்பது உழவர் கையில் இருக்கிறது. இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.