பனியும் பைலட்டும்: பிழை யாருடையது?

எங்க ஊர் மார்க்கையன்கோட்டையில் ஐஸ் என்றால் சேமியா ஐஸும் சர்பத் கடை ஐஸ் கட்டியும்தான். ஐஸ் ஒரு விமானத்தைக் கவிழ்க்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் மதுரையில் கிளம்புகிற விமானமும் சுமார் 5 கிலோமீட்டர் உயரம் தாண்டிவிட்டால் வெளியே பூஜ்யத்துக்குக் கீழேதான்!

1982 ஜனவரி 13. வாஷிங்டனில் கொட்டும் பனி. ஏர் ஃப்ளோரிடாவின் போயிங் 737, 79 பேருடன் கிளம்பக் காத்திருந்தது. பனி நீக்கும் திரவம் அடித்தாயிற்று. ஆனால் முறை வர 49 நிமிஷம் ஆனதால் இறக்கையில் மறுபடி பனி. திரும்பிப் போய் இன்னொரு தரம் அடித்திருக்கலாம். போகவில்லை. முன்னால் நின்ற ஜெட்டின் சூட்டில் உருகட்டும் என்று அதை ஒட்டிப் போய் நின்றார்கள். செக்லிஸ்டில் 'ஆன்டி ஐஸ்' என்று துணை விமானி வாசிக்க, கேப்டன் 'ஆஃப்' என்றார். அவ்வளவுதான், அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

நம்ம மெக்கானிக்கல்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் அழுத்தத்தை, உள்ளே நுழையும் காற்றின் அழுத்தத்தால் வகுத்துக் காட்டும் ஒரு மீட்டர் உண்டு. அந்த மாடலில் எஞ்சின் விசையை வைப்பதே அதைப் பார்த்துத்தான். முன்பக்கக் குழாயை ஐஸ் அடைத்துக்கொண்டால் கீழே உள்ள எண் குறையும். விகிதம் பொய்யாக ஏறும். முள் காட்டியது 2.04. உண்மையில் இருந்ததோ சுமார் 1.70. மற்ற மீட்டர்கள் எல்லாம் குறைவாகத்தான் காட்டின.

ஓட்டிய துணை விமானி அதைப் பார்த்துவிட்டார். இது சரியில்லை என்று ஒரு தரமல்ல, பல தரம் சொன்னார். கேப்டன் சரிதான் என்றார். சரியாக இருக்குமோ என்று இவரும் இறங்கிவிட்டார். ஓடுபாதையிலேயே நிறுத்த அப்போது நேரம் இருந்தது. மேலே எழும்பி அரை நிமிஷம்கூட இருக்காது, பாலத்தில் இடித்துப் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. விமானத்தில் 74 பேர், பாலத்தில் 4 பேர் இறந்தார்கள்.

காத்திருந்த நேரத்தையும், இறக்கையின் முன்விளிம்பில் பனி இருந்தால் மூக்கைத் தூக்கும் அந்த மாடலின் குணத்தையும் விசாரணை சொல்லாமல் விடவில்லை. ஆனால் முதல் பொறுப்பு விமானிகளுக்கே என்றது. கேப்டன் செய்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. என்னை உறுத்துவது அந்தத் துணை விமானிதான். பதவி பார்க்காமல் எடுத்துச் சொல்லச் சின்னவருக்கும், காதுகொடுத்துக் கேட்கப் பெரியவருக்கும் இப்போது பயிற்சியே தருகிறார்கள்.

போன லீவில் ஒரு பட்டறையில் பயிற்சிக்கு இருந்தேன். கம்ப்ரஸர் ரொம்ப நேரமாக ஓடுகிறது, மீட்டர் முள் அசையவில்லை. "அண்ணே, முள்ளு சரியில்ல போல" என்றேன். "அது அப்படித்தான்டா தம்பி" என்றார். "சரிண்ணே" என்று நகர்ந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் சேஃப்டி வால்வு அலறியது. அண்ணன் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். நான் கையில் துடைக்கிற துணியோடு அங்கேயே நின்றேன்.