இடி மின்னலும் வீட்டுக் கம்பியூட்டரும்



கொழும்புக்கு வேலைக்குப் போன நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் சீட்டுக் காசிலும் ஓவர்டைம் காசிலும் பழைய கம்பியூட்டர் ஒன்றை வாங்கிப் படிக்கிறார்கள். சிலர் அதைத் தோட்டத்தில் இருக்கும் தம்பி தங்கைக்கு அனுப்பி வைக்கிறார்கள். 2020ல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடங்கள் போனுக்கும் கம்பியூட்டருக்கும் வந்ததை நாம் மறக்கவில்லை.

இப்படிக் கஷ்டப்பட்டு வாங்கிய பொருள் ஒரே ஒரு இடியில் கருகிப் போகலாம். அதைத் தடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் என்ன, தப்பித்தவறி அடிபட்டால் எந்தப் பாகத்தை மாற்றுவது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மின்னல் எந்த வழியால் வருகிறது?

மின்னல் நம் கூரையில்தான் விழ வேண்டும் என்று இல்லை. தெருமுனைக் கம்பத்திலோ பக்கத்து மரத்திலோ விழுந்தாலும் போதும். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். மின்னல் அடிக்கும் அந்த நொடியில் அதே கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து வரலாம்.

வரும் வழிகள் மூன்று. ஒன்று கரண்ட் வயர். இரண்டாவது, ரவுட்டருக்கு வரும் செம்புக் கம்பி டெலிபோன் வயர். மூன்றாவது, டிவி அன்டெனா, டிஷ் வயர். ஃபைபர் இணைப்பு கண்ணாடி இழை என்பதால் அதில் மின்சாரம் பாயாது. ஆனால் அந்த ரவுட்டரும் கரண்டில்தானே ஓடுகிறது? ஆகவே அதையும் கழட்டத்தான் வேண்டும்.

எதை நம்பக் கூடாது?

சுவிட்சை அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மேகத்திலிருந்து நிலம் வரை காற்றைப் பிளந்து வந்த மின்னலுக்கு, சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளி ஒரு தடையே இல்லை.

ட்ரிப் சுவிட்ச் மனிதருக்கு ஷாக் அடிக்காமல் காப்பதற்கு உள்ளது. அது விழுவதற்குள் மின்னல் தன் வேலையை முடித்துவிடும்.

யு.பி.எஸ். கரண்ட் போகும்போது சில நிமிடம் ஓட வைக்கும். அவ்வளவுதான், மின்னலுக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீங்க.

சர்ஜ் பிளக் ஓரளவு உதவும். ஆனால் அது மிதமிஞ்சிய மின்சாரத்தை ஏர்த் வயர் வழியாக நிலத்துக்கு அனுப்பித்தான் காப்பாற்றுகிறது. ஏர்த் இல்லாத வீட்டில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும் நம் லயங்களிலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பிளக்கில் மூன்று முனை இருப்பதால் ஏர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு சோதித்துப் பாருங்க. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பதும், ஒரு மல்டி பிளக்கில் ஐந்தாறு சாமான் மாட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

வெள்ளவத்தை மாடி வீடுகளில் உச்சியில் இடிதாங்கி இருக்கும். அது கட்டிடம் உடையாமலும் தீப்பிடிக்காமலும் காக்கும். வயர் வழியாக உள்ளே வரும் மின்னலை அது தடுக்காது.

பழக்க வேண்டிய ஒரே பழக்கம்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் நாம் எங்கே இருப்போம்? தோட்டத்தில் உள்ளவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்போம். கொழும்பில் உள்ள பிள்ளைகள் கடையில் நிற்பார்கள். அறை பூட்டிக் கிடக்கும், பிளக் சுவரிலேயே இருக்கும்.

ஆகவே இடி முழங்கும்போது கழட்டலாம் என்று இருக்காதீங்க. காலையில் பிரட்டுக்குப் போகும் முன்னே, கடைக்குப் போகும் முன்னே, கம்பியூட்டர் பிளக்கையும் ரவுட்டர் பிளக்கையும் சுவரிலிருந்து கழட்டிடுங்க. டெலிபோன் வயரையும் அன்டெனா வயரையும் சேர்த்துக் கழட்டுங்க. பிள்ளைகள் படித்து முடித்ததும் திரும்பக் கழட்டச் சொல்லிக் கொடுங்க.

மறந்துபோய் இடி தொடங்கிவிட்டால் பிளக்கையும் வயரையும் தொட வேண்டாம். சாமான் போனால் போகட்டும். மின்னலைப் பார்த்து மூன்று எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

அடிபட்டுவிட்டால் என்ன செய்வது?

கருகிய வாடை வந்தால் கரண்ட் கொடுத்துப் பார்க்காதீங்க. வாடை இல்லாவிட்டால் ஒழுங்காக ஒவ்வொன்றாகப் பாருங்க.

1. சுவர் பிளக்கில் வேறொரு லைட்டை மாட்டி, கரண்ட் வருகிறதா என்று பாருங்க. 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் சிறு பியூஸ் மட்டும் போயிருக்கலாம்.

2. அடுத்தது பவர் சப்ளை பெட்டி. கரண்ட் வழியாக வந்த அடியை முதலில் வாங்குவது அதுதான். மதர்போர்ட்டோடு பார்த்தால் விலையும் குறைவு. கடையில் நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்க. அந்தப் பெட்டியை நீங்கள் திறக்கக் கூடாது, பிளக் கழட்டிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். புதியது பழையதன் வாட் அளவுக்குக் குறையக் கூடாது. பின்பக்கம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230ல் இருக்கிறதா என்று பார்த்துக்குங்க. 115ல் இருந்தால் புதியதும் அந்த நிமிடமே போய்விடும். லப்டொப் என்றால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்க.

3. கம்பியூட்டர் ஓடுகிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை என்றால் அடி டெலிபோன் வயரால் வந்திருக்கலாம். ரவுட்டரும் லேன் போர்ட்டும் போயிருக்கும். அதற்காக மதர்போர்ட்டை மாற்ற வேண்டியதில்லை. யு.எஸ்.பி.யில் மாட்டும் சிறிய லேன் அடாப்டர் ஒன்று போதும்.

4. மதர்போர்ட்டே போயிருந்தால் யோசித்துச் செய்யுங்க. புதிய போர்ட் பழைய புரொசசருக்கும் பழைய ரெம்முக்கும் பொருந்த வேண்டும். டி.டி.ஆர். 3 ரெம், டி.டி.ஆர். 4 போர்ட்டில் ஏறாது. பாவித்த கம்பியூட்டர் ஒன்றின் விலை வரை செலவு போகுமானால், அப்படி ஒன்றை வாங்கி உங்கள் ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டுவதே லாபம்.

5. மற்றப் பாகங்கள் போனாலும் ஹார்ட் டிஸ்க் பல நேரம் பிழைத்திருக்கும். பிள்ளையின் பாடக் குறிப்பும் வீட்டுப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. "பிரதி எடுக்காமல் ஃபார்மட் பண்ண வேண்டாம்" என்று கடையில் முதலே சொல்லிவிடுங்க. முக்கியமானவற்றைப் பென் டிரைவ் ஒன்றில் தனியாக வைத்திருப்பது இன்னும் நல்லது.

கடையில் கவனிக்க வேண்டியவை

வெள்ளவத்தையில் உள்ளவர்களுக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம். கம்பியூட்டர் கடைகள் நிறைந்த கட்டிடம் அது. எங்கே போனாலும் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்க. வேலை தொடங்கும் முன் செலவை எழுதி வாங்குங்க. கழட்டிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்க. பில்லில் புதிய பாகத்தின் சீரியல் நம்பரும் வாரண்டி காலமும் இருக்க வேண்டும். பெரும்பாலான வாரண்டிகளில் மின்னலால் எரிந்ததற்குப் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். அதையும் வாங்கும்போதே கேட்டு வைப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. மின்னல் அடித்து ஒருவர் விழுந்தால் தொடப் பயப்பட வேண்டாம். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. ஆனால் அறுந்த கரண்ட் வயர் அவர் மேல் கிடந்தால் கிட்டப் போகக் கூடாது. உடனே 1990 இலவச அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் கொழும்பில் இருக்கும் பிள்ளைக்குப் போன் எடுத்து, "அறையைப் பூட்டும் முன்னே பிளக்கைக் கழட்டினியா?" என்று கேளுங்கள். தோட்டத்து வீட்டிலும் நாளைக் காலையிலிருந்தே இதைத் தொடங்குவோம்.