ராணுவ அதிகாரிக்கு ஓய்வுக்குப் பின் என்ன? ஐயப்பன்தாங்கலில் குடியேறுவோருக்கு முழுமையான வழிகாட்டி

ராணுவத்தின் பெரும்பாலான பிரிவுகளில் கர்னல் வரை உள்ளவர்களுக்கு ஓய்வு வயது 54. பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பாள், வீட்டுக்கடனும் பாக்கி இருக்கும். அதனால் வேலை தேடும் அவசரத்தில் காகித வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் ஆவணம், அடுத்து மருத்துவம், பிறகுதான் வேலை.

படி 1: உங்கள் கமிஷனைப் பாருங்கள்

நிரந்தர கமிஷன் அதிகாரிக்கு 20 ஆண்டு தகுதிப் பணி இருந்தால் ஓய்வூதியம் உண்டு. பரங்கிமலை அகாடமியில் பயிற்சி பெற்றுக் குறுகிய காலப் பணியில் சேர்ந்தவர்கள் 10 ஆண்டு, நீட்டித்தால் 14 ஆண்டு முடித்து வெளியே வருகிறார்கள். அவர்களுக்குப் பணிக்கொடை மட்டுமே. முப்பதுகளில் இருக்கும் அவர்களுக்கு அடுத்த வேலைதான் வாழ்வாதாரம்.

படி 2: சீருடையில் இருக்கும்போதே படியுங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்தின் டி.ஜி.ஆர். அமைப்பு, ஓய்வுபெறப் போகும் அதிகாரிகளுக்கு ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் 24 வார நிர்வாகப் படிப்புகளை நடத்துகிறது. விண்ணப்பத்தைக் கடைசி ஆண்டுவரை ஒத்திப்போடாதீர்கள்.

படி 3: ஓய்வூதியக் கணக்கு

ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. அதில் 50 சதவீதம் வரை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெறலாம். இதைத்தான் கம்யூட்டேஷன் என்கிறார்கள். உதாரணமாக, ஓய்வூதியம் ரூ.1 லட்சம் என்றால், பாதியைக் கம்யூட் செய்தபின் மாதம் ரூ.50,000 வரும். அகவிலை நிவாரணம் மட்டும் முழு ரூ.1 லட்சத்துக்கே கணக்கிடப்படும். குறைத்த தொகை 15 ஆண்டுக்குப் பின் மீண்டும் சேர்ந்துவிடும். பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் பெயர், பிறந்த தேதி, மனைவியின் விவரங்களைச் சரிபாருங்கள். ஆண்டுதோறும் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க மறக்காதீர்கள்.

படி 4: எந்த மாவட்டம்?

புதிதாக வருபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். முகவரியில் சென்னை 600056 என்றிருந்தாலும் ஐயப்பன்தாங்கல் குன்றத்தூர் வட்டத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. எனவே காஞ்சிபுரம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டைப் பெற இந்த அலுவலகத்தின் சான்றிதழ் தேவைப்படும்.

படி 5: மருத்துவ அட்டை

2003-இல் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் உங்களுடன் மனைவியையும் உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம். வழக்கமான சிகிச்சைக்கு முதலில் அத்திட்டத்தின் பாலிகிளினிக் போய், அங்கே பரிந்துரை வாங்கி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசரமென்றால் நேராக அந்த மருத்துவமனைக்கே போகலாம்.

படி 6: இரண்டாவது வேலை

உயர் பதவியில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் நிறுவனத்தில் சேர அரசின் முன்அனுமதி வேண்டும். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு, சரக்குப் போக்குவரத்து, நிர்வாகப் பணிகளுக்கு முயலலாம். பயோடேட்டாவில் "டூ ஐ.சி." என்று எழுதினால் மனிதவள அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது, "சுமார் 800 பேர் கொண்ட படைப்பிரிவின் இரண்டாம் நிலைத் தலைமை" என்று எழுதுங்கள். இளையவர்களுக்குச் சிவில் சர்வீஸ் தேர்விலும் வழியிருக்கிறது: ஐந்தாண்டு பணிசெய்து விடுபட்ட அதிகாரிக்கு ஐந்தாண்டு வயதுத் தளர்வு உண்டு.

சம்பள வேலைதான் வேண்டும் என்றில்லை. 2002 இறுதியில் ராணுவத் தலைமைத் தளபதியாக ஓய்வுபெற்ற ஜெனரல் எஸ். பத்மநாபன் சென்னையில் வாழ்ந்து புத்தகங்கள் எழுதினார்.

படி 7: வீட்டாருக்குச் சொல்லுங்கள்

ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு, காப்பீடு, நியமனதாரர் விவரங்களை ஒரே கோப்பில் வையுங்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையப்போவது உங்கள் மனைவிதான். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.