கிண்ணத்தின் அடியில் கிடப்பது

கண்ணா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் கிடப்பது மண் இல்லை. கசகசா அளவில் கருப்பாகக் கிடக்கிறதே, அதில் இரண்டுக்குக் கால் தெரிகிறது. பால் பைதான் மூன்று நாளாகக் கிண்ணத்தை விட்டு எழவில்லை, வெயிலுக்குக் குளிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது குளிக்கவில்லை. செதிலுக்கு அடியில் புகுந்து ரத்தம் குடிக்கிறவற்றை மூழ்கடிக்கப் பார்க்கிறது.

பிள்ளையார்பாளையம் வீட்டில் பாட்டி கோழி வளர்த்த காலத்தில் அடைகாக்கும் கூடையில் செள்ளு ஏறும். அதற்கு உறவுதான் இதுவும். பாம்புச் சிற்றுண்ணி, ஓஃபியோனிசஸ் நேட்ரிசிஸ் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இன்று இரவே வெள்ளை டிஷ்யூ பேப்பரை லேசாக நனைத்து, பாம்பைத் தலையிலிருந்து வால் வரை அதன் வழியாக ஊர விடு. கருப்பும் சிவப்புமாகப் பேப்பரில் ஒட்டும். கண்ணின் விளிம்பு, கீழ்த்தாடையின் மடிப்பு, உதட்டோரக் குழிகள், இந்த மூன்று இடத்தையும் டார்ச் அடித்துப் பார். அதிகமாகிவிட்டால் ரத்தசோகை வரும், சட்டை சரியாக உரியாது. ஒரு பாம்பின் ரத்தத்தில் உள்ள கிருமியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகவும் இவற்றால் முடியும்.

இவற்றுக்குப் பிடித்த வெப்பம் 25 முதல் 30 டிகிரி. காற்றில் ஈரமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுத் தறி அறை இருக்கிறதே, இழை அறாமல் இருக்க ஈரம் தங்க வைத்திருப்பார்களே, அதை விட நல்ல இடம் இவற்றுக்கு அமையாது. முட்டையிலிருந்து மறுபடி முட்டையிடுகிற தாயாக ஆவதற்கு இரண்டு வாரம் போதும். ஒரு தாய் தன் ஆயுளில் அறுபது, எழுபது முட்டை வைத்துவிடும். அதையும் பாம்பின் மேல் வைக்காது. பெட்டியின் மூலை, மரத்துண்டின் வெடிப்பு, அலமாரியின் இடுக்கு என்று தேடிப் போய் வைக்கும். அதனால்தான் பாம்பை மட்டும் துடைத்துவிட்டு ஒழிந்தது என்று நிம்மதியாக இருப்பவர்கள் மூன்றாவது வாரம் மறுபடி அழுகிறார்கள். மருந்து எதுவானாலும் முட்டையை அது கொல்லாது என்று வைத்துக்கொள். முட்டை பொரிய விட்டு, அடுத்த தலைமுறை வளர்ந்து முட்டையிடுமுன் திரும்ப அடிக்க வேண்டும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான். எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும் தேங்காய் நார்த்தூள், மரக்கிளை, பட்டை எல்லாவற்றையும் பையில் கட்டி வெளியே போடு. அடியில் வெறும் செய்தித்தாளை விரித்து, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி வை. இரண்டையும் தினமும் மாற்று. பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வை, பாம்பு உள்ளே இல்லாதபோது. அலமாரிப் பலகையின் இடுக்கையெல்லாம் தேய்த்துத் துடை. பாம்புக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தை நீயாக அடிக்காதே. அப்பாவின் பீரோவில் பட்டுப் புடவைக்கு நடுவே போட்டிருக்கும் அந்துருண்டையை எடுத்துப் பெட்டியில் போடலாமா என்று நீ கேட்டிருக்கிறாய். கூடாது. மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி பாம்புக்கு நஞ்சு. அதே அறையில் கொசுவத்தியும் வேண்டாம்.

உன் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை அதிகம் பதற வைத்தது. தறிக்குழியில் அகப்பட்ட சாரைக் குட்டியை ஒரு டப்பாவில் போட்டு அதே அலமாரியில் வைத்திருக்கிறாய். சிற்றுண்ணியை அது கொண்டுவந்தது என்று பழி போடாதே. இந்த வகை பெரும்பாலும் வளர்ப்புப் பாம்புகளோடு கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு சுற்றுவது. போன மாதம் வாங்கிய கார்ன் ஸ்நேக்கோடு வந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் சாரை உன்னிடம் இருக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் மண்ணின் பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். குட்டி, அடிபட்டது, பாவம் பார்த்து எடுத்தது என்பதெல்லாம் விலக்கு ஆகாது. நாளைக்கே வனத்துறைக்குச் சொல். சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்: "சிற்றுண்ணி வந்த அலமாரியில் இருந்தது, பார்த்துவிட்டு விடுங்கள்." நீயே ராத்திரியோடு ராத்திரியாக வேகவதி ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்துவிடாதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்புக்காக வாங்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், கைவிடப்பட்டும் சதுப்புநிலக் காட்டில் பெருகின. அவற்றைப் பிடிக்க 2017-இல் நம் பக்கத்து இருளர்கள் இருவரை அழைத்துப் போனார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோது உங்கள் பள்ளியில்கூடப் பேசியிருப்பார்கள். அந்த மலைப்பாம்புகளை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவற்றின் நுரையீரலுக்குள் உட்கார்ந்து கடல் கடந்து போன ஒட்டுண்ணியைப் பலருக்குத் தெரியாது. ரைலியெட்டியெல்லா ஓரியன்டாலிஸ் என்று பெயர். ஆசியப் பாம்புகள் அதோடு காலங்காலமாகப் பழகியவை. ஃபுளோரிடாப் பாம்புகள் அதைக் கண்டதே இல்லை. இப்போது அங்கே பத்துக்கு மேற்பட்ட உள்ளூர்ப் பாம்பு இனங்களின் நுரையீரலில் அது இருக்கிறது. பிக்மி ராட்டில்ஸ்நேக் என்கிற சிறிய கிலுகிலுப்பை விரியன் அதனால் செத்துக் கிடக்கக் கண்டிருக்கிறார்கள். மலைப்பாம்பே எட்டாத வட பகுதிகளுக்கும் தவளை, பல்லி வழியாக அந்த ஒட்டுண்ணி போய்விட்டது. உன் அலமாரியிலிருந்து ஓர் உயிர் வேகவதிக்குப் போவது சின்ன விஷயம் இல்லை, கண்ணா.

காட்டுப் பாம்பின் உடம்பில் புழு இல்லாமல் இருக்காது. படிக்கிற காலத்தில் ஒருமுறை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலிக்குப் போயிருந்தேன். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை அதுவும் நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோய் இருளர்கள் பிழைப்பற்று நின்றபோது, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978-இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து, வாயில் துணி கட்டிய மண்பானைகளில் வைத்து, நஞ்சு எடுப்பார்கள். மூன்று நான்கு வாரம் ஆனதும் வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். ஒட்டுண்ணிக்காக வகுத்த விதி இல்லை அது. ஆனாலும் பல ஆண்டு கழித்துதான் அதன் இன்னொரு நன்மை எனக்கு உறைத்தது: புழு பெருகுமுன் பாம்பு பானையை விட்டுப் போய்விடுகிறது.

காட்டில் சாரை ஓர் இடத்தில் எச்சம் போட்டால் அதைத் தாண்டிப் போய்விடும். எச்சத்தோடு விழுந்த கொக்கிப்புழு முட்டை பொரிந்து, அந்தப் புழு இன்னொரு பாம்பின் மேல் ஏற வாய்க்க வேண்டுமே, லட்சத்தில் ஒன்றுக்கு வாய்க்கும். பெட்டியில் அந்த தூரம் இல்லை. பாம்பு தன் எச்சத்தின் மேலேயே படுத்திருக்கிறது, அதே தண்ணீரைக் குடிக்கிறது, பொரிந்த புழு மறுபடி அதே உடம்புக்குள் போகிறது. காட்டில் பத்துப் புழுவோடு சௌக்கியமாக இருந்த பாம்பு பெட்டியில் ஆறு மாதத்தில் எலும்பு தெரிய மெலிவது இப்படித்தான். புழு அதேதான், நாம்தான் அந்த தூரத்தை எடுத்துவிட்டோம். எச்சம் போட்ட அன்றே நீ அதை எடுத்துப் போடுவது, எடுக்கப்பட்ட அந்த தூரத்தைத் திருப்பிக் கொடுப்பது. நாள் தவறாமல் செய்ய முடிகிற எண்ணிக்கைக்கு மேல் ஒரு பாம்புகூட வாங்காதே. உனக்கு இரண்டு என்றால் இரண்டு.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. கால்நடை மருத்துவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு ஓர் இளைஞர் என்னிடம் ஒரு பாம்பைக் கொண்டுவந்தார். தின்ற எலியை மூன்றாம் நாள் கக்குகிறது, நடு உடம்பில் உருண்டையாக வீக்கம். எச்சத்தைச் சோதிக்காமலே குடற்புழு மருந்து கொடுத்து அனுப்பினேன். அது புழு இல்லை, கிரிப்டோஸ்போரிடியம். இரைப்பைச் சுவரில் குடியேறும் நுண்ணுயிர்; நம்பகமான மருந்து இன்றுவரை கிடையாது; பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சாகாது. அவர் வீட்டில் மொத்தம் ஒன்பது பாம்பு, எல்லாவற்றுக்கும் இரை கொடுக்க ஒரே இடுக்கி. நான் முதல் நாளே பிரித்து வைக்கச் சொல்லியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். ஆறு போய்விட்டன. அந்தப் பிள்ளை என்னைக் குறை சொல்லவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

உன் அப்பா தறியில் ஏற்றுகிற பட்டுக்குள்ளும் இந்தக் கதை இருக்கிறது. 1865-இல் தென் பிரான்சில் பட்டுப்புழுக்கள் மேலெல்லாம் மிளகு தூவியது போல் புள்ளி விழுந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்தப் பக்கத்து மொழியில் மிளகின் பெயரையே நோய்க்கு வைத்து பெப்ரின் என்றார்கள். லூயி பாஸ்டர் அங்கே போய் ஐந்து வருடம் உழைத்தார். அது தாயிடமிருந்து முட்டைக்கே போகும் ஒட்டுண்ணி. புழுவுக்கு அவர் மருந்து கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிட விட்டு, பிறகு அதை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, ஒட்டுண்ணி தெரிந்தால் அதன் முட்டையை எரித்துவிடச் சொன்னார். இன்றைக்கும் பட்டுப்புழு முட்டை தயாரிக்கிற இடங்களில் தாய்ப்பூச்சியைப் பார்க்காமல் முட்டையை வெளியே அனுப்புவதில்லை. அந்தக் கதவுக் காவல் நம் ஊர்த் தறிகளுக்கு இழை கொடுக்கிறது.

உன் கதவுக்கும் காவல் வேண்டும். இனி எந்தப் பாம்பு வந்தாலும் வேறு அறையில், வேறு கிண்ணம், வேறு இடுக்கியோடு மூன்று மாதம் தனியாக இருக்கட்டும். அலமாரியின் அடுத்த தட்டு தனி அறை ஆகாது. பழையவற்றைக் கவனித்து முடித்த பிறகுதான் புதியதைத் தொட வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று முறை எச்சத்தைச் சோதித்துவிடலாம்.

இரைக்குத் தவளையோ வயல் எலியோ பிடித்துப் போடாதே. நாடாப்புழுவின் குஞ்சுகள் அவற்றின் சதைக்குள் சுருண்டு கிடக்கும். வளர்ப்பு எலியை வாரக்கணக்கில் உறைய வைத்து, பிறகு இளக்கிக் கொடு. வீட்டுச் சோறு வைக்கும் ஃப்ரிட்ஜில் அல்ல. தங்கச்சியின் ஆமைத் தொட்டியை அந்த அறையிலிருந்து உடனே எடு. ஆமை தான் நோகாமல் சுமக்கிற ஓர் அமீபா, பாம்பின் குடலைப் புண்ணாக்கிக் கொன்றுவிடும். ஐவர்மெக்டின் ஆட்டுக்கு நல்ல மருந்து, ஆமைக்கு எமன். மருத்துவர் பாம்புக்கு அதை எழுதிக் கொடுத்தால்கூட, பாட்டில் தங்கச்சி கையில் படும்படி இருக்கக் கூடாது.

பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு, அதற்குப் பிறகுதான் தறி அறைக்குள் கால் வை. பயமுறுத்த விருப்பமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்: 2022-இல் ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் ஒரு பெண்ணின் மூளையிலிருந்து 8 செ.மீ. நீளப் புழுவை உயிரோடு எடுத்தார்கள். மலைப்பாம்பின் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் வாழ வேண்டிய புழு. ஏரிக்கரையில் பறித்துச் சமைத்த கீரையோடு அதன் முட்டை போயிருக்கும் என்பது மருத்துவர்கள் கருத்து.

பால் பைதானுக்கு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு போட்டாயா என்று நீ எழுதவில்லை. 2024-இல் வந்த விதிகளின்படி அது கட்டாயம். பதிவில்லாத பாம்புக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் தூக்கிப் போகவே கை தயங்கும், அந்தத் தயக்கத்தில் பாம்பு செத்துப் போகும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நானும் வருகிறேன். இரண்டு பாம்பின் எச்சமும் தனித்தனி மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும். வெள்ளைச் சுண்ணாம்பு போலிருப்பது சிறுநீர், அது மட்டும் போதாது, கருப்புப் பகுதி வேண்டும். அன்று போட்டது, மிஞ்சினால் முந்தின நாள் போட்டது. ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் எடுத்து வா, உறைந்துவிடாமல். டப்பாவின் மேல் எந்தப் பாம்பு, என்ன தேதி என்று எழுது. கார்ன் ஸ்நேக்கினுடையதைக் கடைசியாக எடு. எடுத்ததும் சட்டையை மாற்றிவிட்டு பஸ் ஏறு.

அன்புடன்,
அத்தை