அடுக்குமாடிக் கூட்டுறவும் பொது நிதியும்

கூட்டுறவு என்றவுடன் வேளாண்மைக் கடன் சங்கங்களும் பால் உற்பத்தியாளர் சங்கங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நகரவாசிகள் நாள்தோறும் பங்குகொள்ளும் கூட்டுறவு ஒன்றும் உண்டு. அதுவே வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம். மும்பையின் காம்தேவிப் பகுதியில் 1915-ஆம் ஆண்டிலேயே சாரஸ்வத சமூகத்தினர் இத்தகைய சங்கம் ஒன்றை அமைத்தனர். இன்று அம்மாநகரின் எண்ணற்ற அடுக்குமாடிக் கட்டடங்கள் 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை.

இச்சங்கங்களுள் சில நிதி நெருக்கடிக்கு உள்ளாவதன் காரணம் என்ன? கையாடல் என்பதே பலருடைய உடனடி விடை. கையாடல் நிகழ்வதும் உண்டு. ஆனால், எவரும் ஒரு காசும் எடுக்காமலேயே ஒரு சங்கம் நொடித்துப் போகக்கூடும் என்பதை உறுப்பினர்கள் உணர்வதில்லை. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிவதே தீர்வின் முதற்படியாகும்.

இரண்டு நிதிகள்

உறுப்பினர் மாதந்தோறும் செலுத்தும் தொகையில் இருவகைச் செலவுகள் அடங்கியுள்ளன. காவலர் ஊதியம், பொது விளக்குகளின் மின்கட்டணம், மின்தூக்கிப் பராமரிப்பு போன்றவை அன்றாடச் செலவுகள். கூரைக் கசிவு, தூண்களின் விரிசல், மின்தூக்கியையே மாற்றுதல் போன்றவை பல்லாண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருஞ்செலவுகள்.

பின்னதற்காகவே மகாராஷ்டிர மாதிரித் துணைவிதிகள் இரண்டு நிதிகளை வகுத்துள்ளன. ஒன்று, பழுதுபார்ப்பு நிதி. இதற்கு ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 விழுக்காடு வசூலிக்கப்பட வேண்டும். மற்றொன்று, 'சிங்கிங் ஃபண்ட்' என வழங்கும் கட்டடச் சேம நிதி. இதற்கு, நில மதிப்பு நீங்கலாகக் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 விழுக்காடு. சேம நிதியைப் பொதுக்குழுவின் தீர்மானமின்றிச் செலவிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

நாற்பது வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வீடொன்றின் கட்டுமானச் செலவு ரூ. 10 லட்சம். இரு நிதிகளுக்கும் சேர்த்து ஒரு வீடு ஆண்டுக்கு ரூ. 10,000, அதாவது மாதம் ஏறத்தாழ ரூ. 833 செலுத்த வேண்டும். இருபது ஆண்டுகளில், வட்டி நீங்கலாகவே, பழுதுபார்ப்பு நிதியில் ரூ. 60 லட்சமும் சேம நிதியில் ரூ. 20 லட்சமும் திரண்டிருக்கும்.

ஆனால், கட்டணம் குறைவாக இருப்பதே நல்ல நிர்வாகம் என்று உறுப்பினர்கள் கருதினர். அவர்களின் மனம் கோணாதிருக்க நிர்வாகக் குழு பழுதுபார்ப்பு நிதியை வசூலிக்காமலே விட்டது. சேம நிதி மட்டும் மாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இருபதாம் ஆண்டின் ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கத்தில் 'சேம நிதி ரூ. 20 லட்சம்' என்று காண்கிறது. உறுப்பினர்கள் நிறைவுடன் கையொலி எழுப்பிக் கணக்கை ஏற்கின்றனர்.

அவர்கள் சொத்துகள் பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும். அங்கே வங்கி வைப்புத்தொகை ரூ. 8 லட்சமே உள்ளது. உறுப்பினர்கள் செலுத்தாத பாக்கி ரூ. 7 லட்சம். ஆண்டுதோறும் திரண்ட பற்றாக்குறை ரூ. 5 லட்சம். சேம நிதி ஏட்டில் இருக்கிறது, பணமாக இல்லை. எவரும் திருடவில்லை. காவலர் ஊதியத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் கைக்கு எட்டிய பணம் எடுத்துக் கொடுக்கப்பட்டது, அவ்வளவே.

இந்நிலையில் தூண்களைச் செப்பனிட ரூ. 60 லட்சம் தேவை எனப் பொறியாளர் அறிவிக்கிறார். பற்றாக்குறை ரூ. 52 லட்சம், வீடொன்றுக்கு ரூ. 1.3 லட்சம். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் இதனை ஒரே தவணையில் எங்ஙனம் தருவார்? வேலை தள்ளிப்போகிறது, விரிசல் பெரிதாகிறது, செலவும் ஏறுகிறது. இறுதியில் பாதிக்கப்படுவது பணம் மட்டுமன்று, குடியிருப்போரின் பாதுகாப்பும்தான்.

உறுப்பினர் செய்ய வேண்டுவன

முதலாவதாக, ஐந்தொகையில் நிதிகளின் தொகையையும் வைப்புத்தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டும் ஒத்திராவிடில் காரணம் கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி பத்துக் குற்றச்சாட்டுகளைவிடப் பயனுடையது.

இரண்டாவதாக, பாக்கிதாரர் பட்டியலைக் கேட்டுப் பெறுதல். பாக்கிக்கு ஆண்டுக்கு 21 விழுக்காட்டுக்கு மேற்படாத தனிவட்டி விதிக்கத் துணைவிதிகள் இடமளிக்கின்றன. 2019-இல் சட்டத்தில் வீட்டுவசதிச் சங்கங்களுக்கெனச் சேர்க்கப்பட்ட தனி அத்தியாயத்தின்படி, பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் பெற்று, நிலவரிப் பாக்கியைப் போலவே இதனை வசூலிக்கலாம். சில வேளைகளில் நிர்வாகக் குழு உறுப்பினரே பாக்கிதாரராக இருப்பதனால் இந்நடவடிக்கை தாமதப்படுவதும் உண்டு.

மூன்றாவதாக, பொதுக்குழுக் கூட்டம். நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், இது கூட்டப்பட வேண்டும். தணிக்கையாளரை நியமிக்கும் உரிமை பொதுக்குழுவுக்கே உரியது. தணிக்கையாளர் சுட்டிய குறைகளுக்கு மூன்று மாதங்களுக்குள் பதிவாளருக்கு விளக்கம் அளித்து, அவற்றை நிவர்த்தி செய்யத் தொடங்குவதும் சட்டக் கடமை. ஆனால், கூட்டத்திற்கு வருவோர் சிலர். தணிக்கை அறிக்கையைப் படித்து வருவோர் அவர்களினும் சிலர்.

நான்காவதாக, கட்டட உறுதி ஆய்வு. 15 முதல் 30 ஆண்டு வரையிலான கட்டடங்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையும் இது தேவை என்பது மாதிரித் துணைவிதி. ஆய்வறிக்கை இருந்தால்தான் வருங்காலச் செலவை முன்கூட்டியே மதிப்பிட்டு, தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்து வசூலிக்க இயலும்.

தவறான எதிர்ப்பு

நிர்வாகத்தின்மீது ஐயம் கொண்டவர்கள் கட்டணத்தை நிறுத்திவிடுவது பரவலான வழக்கம். இது நோயைத் தீர்க்காது, நோயை வளர்க்கும். நிறுத்தியவரே பாக்கிதாரர் ஆகிறார். அவருடைய கேள்வியும் வலுவிழக்கிறது. எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்து, தொகையைச் செலுத்தி, ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையைக் கோருவதே முறை. குழு மறுத்தால் பதிவாளரை அணுகலாம். சட்டத்தின் 83-ஆம் பிரிவின்கீழ் விசாரணைக்கும், 88-ஆம் பிரிவின்கீழ் நட்டத்தைப் பொறுப்பானவரிடமிருந்தே ஈடுசெய்து பெறுவதற்கும் வழி உண்டு.

எனினும், விசாரணை என்பது இறுதி மருந்து. ஊதியமின்றி மாலை வேளைகளில் உழைக்கும் செயலாளரையும் பொருளாளரையும் ஐயத்தால் விரட்டிவிட்டால், அவர்களின் இடத்திற்கு வர எவரும் முன்வரார். கணக்கு அறிந்த ஓரிருவர் குழுவுக்குத் துணை நிற்பதும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரவு செலவுச் சுருக்கத்தை அறிவிப்புப் பலகையில் இடுவதும் பூசலைப் பெரிதும் தவிர்க்கும்.

சட்டங்களின் பெயரும் பிரிவுகளின் எண்ணும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். அடிப்படை ஒன்றே. கூட்டுறவில் உறுப்பினரே உரிமையாளர். ஆகவே கணக்கு பார்க்கும் கடமையும் அவருடையதே. குறைந்த கட்டணத்தைப் பாராட்டுவதற்கு முன், அது எந்தச் செலவைத் தள்ளிப்போட்டதனால் குறைந்தது என்று கேட்கும் பழக்கம் வளருமாயின், நம் நகரக் கட்டடங்கள் அவற்றைக் கட்டிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறைக்கும் உறுதியாக நிற்கும்.