ஃபிளெக்ஸைப் பார்த்துப் பள்ளிக்கூடம் தேடாதே, தங்கச்சி!

பையன் எட்டாவது முடிக்கப் போறான், அடுத்து எந்த ஸ்கூல்னு கேட்டு, ஊர்ல கட்டியிருக்கிற ஃபிளெக்ஸை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கே. 'தொடர்ந்து 100% தேர்ச்சி', 'மாவட்டத்தில் முதலிடம்'. அந்த நூறை வச்சு முடிவு பண்ணாதே. எத்தனை பேரை உட்கார வச்சு வாங்கின நூறுன்னு முதல்ல விசாரி.

பொதுத்தேர்வு ரிசல்ட்ல மாநில ரேங்க் அறிவிக்கிறதை 2017லயே நம்ம அரசு நிறுத்திடுச்சு. நல்ல காரியம். ஆனா தேர்ச்சி சதவீதத்தை வச்சு வரிசை போடுறது நிக்கலை. அந்தச் சதவீதத்துல தேர்வு எழுதினவங்க மட்டும்தான் வருவாங்க. ஒன்பதாவதுல ஃபெயில் போட்டு டிசி கொடுத்து அனுப்பின பிள்ளையும், 'தனித்தேர்வரா எழுதிக்கோ'ன்னு ஒதுக்கின பிள்ளையும் அந்தக் கணக்குலயே இல்லை. நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது. பதினாலு வயசுப் பிள்ளையை, எங்க சதவீதத்தைக் கெடுத்துடுவேன்னு வெளியே அனுப்புற இடத்துல நம்ம பிள்ளை எதுக்குப் படிக்கணும்?

அதனால நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி: போன வருஷம் ஒன்பதாவதுல எத்தனை பேர், இந்த வருஷம் அந்த ஸ்கூல் பேர்ல பத்தாவது எழுதினது எத்தனை பேர்? ஆபீஸ்ல மழுப்பினாங்கன்னா, எல்லாப் பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் இருக்கு. மத்திய கல்வி அமைச்சகத்தோட யூடைஸ் பிளஸ் தளத்துல தேடினா மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை வரைக்கும் பார்க்கலாம்.

அடுத்து, ப்ளஸ் ஒன்ல யாரைச் சேர்த்துக்கிறாங்கன்னு பாரு. உதாரணத்துக்கு, பத்தாவதுல 500க்கு 480 எடுத்தவங்களை மட்டும் எடுத்து, ப்ளஸ் டூல 600க்கு 560 வாங்க வைக்குது ஒரு பள்ளி. 96 சதவீதம் 93 ஆகியிருக்கு. பக்கத்துல இருக்கிற அரசுப் பள்ளி 250 எடுத்த பிள்ளையைச் சேர்த்து 420 வாங்க வைக்குது. 50 சதவீதம் 70 ஆகியிருக்கு. ரெண்டும் வேற வேற தேர்வு, அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பாடம் நடத்தினது யாருன்னு உனக்கே தெரியும். ஃபிளெக்ஸ்ல மட்டும் 560தான் வரும்.

ப்ளஸ் ஒன் பாடத்தை முழுசா நடத்துவீங்களான்னும் இப்பவே கேட்டு வை. ஜூன்லயே ப்ளஸ் டூ புத்தகத்தைக் கையில கொடுத்து ரெண்டு வருஷம் அதையே உருப்போட வச்ச பள்ளிகள் எத்தனை! மார்க் வந்துச்சு. நீட், ஜேஇஇ-ல பதினொன்னாவது பாடத்துல இருந்து கேள்வி வந்தப்போ பிள்ளைங்க முழிச்சாங்க. அதைத் தடுக்கத்தான் 2017-18ல ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க. பிள்ளைங்களுக்குச் சுமைன்னு 2025-26ல இருந்து அதை எடுத்துட்டாங்க. பழைய குறுக்கு வழிக்கு மறுபடி இடம் இருக்கு, ஜாக்கிரதை.

பத்திரிகைகள் போடுற தரவரிசையில பல, பெற்றோர், ஆசிரியர்கிட்ட அபிப்பிராயம் கேட்டு மார்க் போடுறது. பேர் தெரிஞ்ச பள்ளிக்குத்தான் அதுல வாய்ப்பு அதிகம். விண்ணப்பம் வாங்க அது ஆதாரம் இல்லை.

கடைசியா, வேலை நாள்ல நேர்ல போ. சாயங்காலம் கேட் பக்கத்துல நிக்கிற அம்மாக்கள்கிட்ட பேசு. முதல் ரேங்க் பிள்ளையோட அம்மாவை விட்டுடு. நடுவுல மார்க் வாங்குற பிள்ளையோட அம்மாவைக் கேளு. கணக்கு வாத்தியார் இந்த வருஷத்துல எத்தனை பேர் மாறினாங்க? லேப்ல பிள்ளைங்க கையால செய்றாங்களா, வேடிக்கை பார்க்கிறாங்களா? விளையாட்டு பீரியட் விளையாட்டுக்கே கிடைக்குதா? முடிஞ்சா ஒரு கட்டுரை நோட்டை வாங்கிப் புரட்டு. சிவப்பு மையில வெறும் டிக் மட்டும் இருக்கா, தப்பைத் திருத்தி எழுதிக் காட்டியிருக்காங்களான்னு பார்த்தா, ஆசிரியர் அந்த நோட்டைப் படிச்சாரான்னு தெரிஞ்சிடும்.

வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியையும் பட்டியல்ல சேர்த்துக்கோ. அங்கேயும் இதே கேள்விகளைக் கேளு. அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணு.